கலண்டர்த் தாளில் கீறிய உடம்பு

நான் அதிகம் கதைக்கிறவள் இல்லை. ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. பிறகு குவைத்தில் பதினாறு வருடம் வீட்டு வேலை. அங்கே கதைக்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை. ஊருக்குத் திரும்பியபோது அந்தப் பழக்கமும் கூட வந்துவிட்டது. கேட்டால் பதில் சொல்வேன். கேட்காததைச் சொல்லமாட்டேன்.

இப்போது எழுதுவது, கேட்காததைச் சொல்வதுதான். ஊரில் என்னைப் பற்றி ஒரு கதை ஓடுகிறது. நான் என் தங்கச்சியின் புருஷனுக்குச் செய்வினை செய்தேனாம். நடந்ததை எழுதி வைக்காவிட்டால் அந்தக் கதைதான் மிஞ்சும்.

எங்கள் ஊர் தேற்றாத்தீவுக்குப் பக்கம். கிழக்கே கடல், மேற்கே வாவி. வாவிக்கு அங்கால் படுவான்கரை. அங்கே ஒரு வயல்வட்டையில் தங்கச்சியின் புருஷனுக்கு மூன்று ஏக்கர் நெற்காணி இருக்கிறது. காலையில் வாவியைக் கடக்கும் படகுப்பாதையில் போனால் பொழுதுபடத்தான் வருவார்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. கல்யாணம் முடித்து ஆம்பிளைதான் வந்து குடியிருப்பான். அம்மா செத்தபோது தங்கச்சிக்கு எட்டு வயது, எனக்குப் பதினெட்டு. அப்பா அதற்கு முதலே இல்லை. ஆகவே அவளுக்கு வீடு கட்ட நான் குவைத்துக்குப் போனேன். வீட்டு உறுதிப்பத்திரம் அவளுடைய பெயரில். அதில் எனக்குக் குறை இல்லை. யாரும் அப்படித்தான் செய்வார்கள். எனக்குக் கல்யாணம் பேசும் வயது அங்கேயே போய்விட்டது. திரும்பி வந்து அந்த வீட்டின் பின்னறையில் இருந்தேன். சமையல், கோழி, கிணற்றடி, எல்லாம் இரண்டு பேரும் சேர்ந்துதான். அவளுடைய மகள் மட்டக்களப்பில் விடுதியில் நின்று படிக்கிறாள். ஆகவே வீட்டில் நாங்கள் மூன்று பேர்.

கிளினிக்கில் மிட்வைஃப் தங்கச்சியிடம் ஒரு தாள் கொடுத்திருக்கிறார். பெண்களின் மனநலத்துக்குக் கலைவழி ஆற்றுப்படுத்தல் என்று அதில் இருந்தது. போன் வழியாக. கிழமைக்கு ஒரு தரம், சனி பின்னேரம் மூன்று மணி, பத்துக் கிழமை. கவலையை வாயால் சொல்லத் தேவையில்லை, படம் கீறலாம், பாடலாம், ஆடலாம், மண்ணில் பிடிக்கலாம் என்று போட்டிருந்தது.

இது உங்களுக்குத்தான் அக்கா என்று தங்கச்சி சொன்னாள். நான் சரியாக நித்திரை கொள்வதில்லை, அது உண்மை. என் போனில் அவளே படிவத்தை நிரப்பினாள். பெயர் என்னுடையது. உங்களுக்கு என்ன பிரச்சினை என்று கேட்டிருந்த இடத்தில் ‘பயம்’ என்று எழுதினாள். எனக்குப் பயம் என்று ஒன்றும் இல்லை, முழங்கால் வலிதான் இருக்கிறது, அதைப் போடு என்றேன்.

“சும்மா இரிக்கட்டும் அக்கா” என்றாள்.

இருக்கட்டும் என்று விட்டேன்.

முதல் சனிக்கிழமை மூன்று மணிக்கு அவளும் என் அறைக்குள் வந்தாள். கதவைப் பூட்டினாள். போனை மேசையில் சாத்தி வைத்துவிட்டு, கமராவில் விழாத பக்கமாகக் கட்டிலில் ஏறி இருந்தாள். அவளிடமும் போன் இருக்கிறது. ஆனால் புருஷன் வந்தவுடன் அதை வாங்கிப் பார்ப்பார். எப்போதும் பார்ப்பார்.

பாடம் நடத்தியவர் லண்டனில் இருக்கும் தமிழ்ப் பெண். எல்லோரும் மிஸ் என்று கூப்பிட்டோம். யாழ்ப்பாணத்துப் பேச்சு. போனில் ஏழெட்டுப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒருத்தி. ஒருத்தி சென்னையில் குளியலறைக்குள் இருந்தாள், அவளுக்கு வேறு இடம் இல்லையாம். ஒருத்தி ஹட்டன் பக்கம். மற்றவர்கள் வெளிநாடுகளில். நான் மட்டக்களப்பு என்றதும் ஹட்டன்காரி சிரித்தாள். மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்ட வைக்கிற ஊராச்சே அக்கா, எங்களையும் ஒட்டிவிடாதீங்க என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். தங்கச்சி தலையணையில் முகத்தை அமத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சத்தத்தில்தான் பக்கத்தில் ஆள் இருப்பது மிஸ்ஸுக்குத் தெரிந்தது.

தங்கச்சி என்றேன். அவளும் சேரலாமே என்று மிஸ் கேட்டார்.

“அவருக்குத் தெரிய ஒண்ணா மிஸ்” என்று தங்கச்சி கட்டிலில் இருந்தே சொன்னாள்.

மிஸ் கையில் இருந்த பேனையைக் கீழே வைத்தார். பிறகு சரி என்றார். பெயர் எழுதவில்லை. எல்லோருக்குமாக ஒரு விதி சொன்னார். இங்கே பார்ப்பதும் கேட்பதும் இங்கேயே இருக்கும். ஒருத்தியைப் பற்றி இன்னொருத்தி வெளியில் கதைக்கக் கூடாது. நெஞ்சில் கை வைத்துச் சம்மதம் சொல்லச் சொன்னார். எல்லோரும் வைத்தோம். தங்கச்சியும் வைத்தாள். நான் பார்த்தேன்.

எங்கள் ஊரில் வரைவதைக் கீறுவது என்போம், ஆகவே எங்கள் இருவருக்கும் அது கீறுகிற வகுப்பு. கீறல் மட்டும் இல்லை. ஒரு நாள் காற்று மாதிரி சத்தம் போடச் சொன்னார். ஒரு நாள் கையை உதறச் சொன்னார், தோளை உதறச் சொன்னார். நான் கோழிக்குத் தவிடு போடுவதுபோல உதறினேன். தங்கச்சி, “பாருங்கோ, உதறுங்கோ” என்று மிஸ் மாதிரிக் கதைத்துக் காட்டினாள். வருடக்கணக்கில் அவள் அப்படிச் சிரித்து நான் காணவில்லை. சனிக்கிழமை வருவதற்கு வெள்ளிக்கிழமையே காத்திருப்பாள். அதனால் எனக்கும் வகுப்புப் பிடித்தது. எனக்காக என்றால் இரண்டாம் கிழமையே விட்டிருப்பேன்.

ஐந்தாம் கிழமை உடம்பைக் கீறச் சொன்னார். பெரிய தாளை நிலத்தில் விரித்து அதன் மேல் படுக்க வேண்டும். இன்னொருவர் உடம்பைச் சுற்றிக் கோடு போட வேண்டும். ஆள் இல்லாதவர்கள் சுவரில் நிழலைப் பார்த்துப் போடலாம். பிறகு எங்கே நோகிறது, எங்கே பாரமாக இருக்கிறது, எங்கே சும்மா இருக்கிறது என்று நிறம் பூச வேண்டும். நூலோ துணியோ வைத்துத் தைக்கலாம், ஒட்டலாம். சரி பிழை இல்லை. நிறம் இல்லாதவர்கள் குசினியில் உள்ளதை எடுங்கோ என்றார்.

எங்களிடம் பெரிய தாளும் இல்லை. கடைகளில் தந்த பழைய கலண்டர்கள் நாலைந்து கிடந்தன. மாதத்துக்கு ஒரு சாமிப் படம். அவற்றைக் கிழித்து, படம் கீழே, வெள்ளை மேலே வரும்படி சோற்றுப் பசையால் ஒட்டினோம். அப்படி இரண்டு நீளத் தாள். நிறத்துக்கு மஞ்சள், குங்குமம், அடுப்புக்கரி, உடுப்புக்குப் போடும் நீலம்.

இப்போது எழுதும்போது எனக்கே தெரிகிறது. மஞ்சள், குங்குமம், கரி. ஒரு ஆளின் உருவம். பின்பக்கம் அம்மன். அன்றைக்கு அது தோன்றவில்லை. கண்ணுக்கு முன்னால் இருந்ததை எடுத்தோம், அவ்வளவுதான்.

முதலில் நான் படுத்தேன். தங்கச்சி கரித்துண்டால் கோடு போட்டாள். தலையில் தொடங்கிக் கழுத்து, தோள், கை, இடுப்பு என்று வந்தாள். கூச்சமாக இருந்தது. ஒருவர் என்னைச் சுற்றி அப்படித் தொட்டுப் பல காலம். கோடு போட்டு முடித்தபோது தலைப்பக்கம் தாள் போதவில்லை, கொண்டை வெளியில் போய்விட்டது. ஆகவே மொட்டைத் தலை. இரண்டு பேரும் சிரித்தோம்.

இடது முழங்காலுக்குக் குங்குமம் அப்பினேன், அதைச் சுற்றிக் கரி. குவைத்தில் தரை துடைத்த முழங்கால் அது. வயிற்றில் ஒன்றும் பூசவில்லை. வாய்க்கு என்ன செய்வது என்று யோசித்தேன். சிவப்பு நூலைக் கோத்து வாயின் மேல் நாலு தையல் போட்டேன். மிஸ் அதைக் கமராவுக்குக் கிட்டக் காட்டச் சொன்னார். பிறகு, இந்தத் தையலை நீங்களே போட்டீங்களா, ஆரும் போட்டதா என்று கேட்டார். நான் மிச்ச நூலைக் கடித்து அறுத்தேன்.

பிறகு தங்கச்சி படுத்தாள். நான் கோடு போட்டேன். அவள் நீலத்தைத் தண்ணீரில் கரைத்து எடுத்தாள். இரண்டு கைகளின் மேற்புறம் பூசினாள். விலாவில் பூசினாள். முதுகு தாளில் தெரியாது, அதனால் தாளைப் புரட்டி அம்மன் படத்தின் மேல் இரண்டு இடத்தில் பூசினாள். கமராவுக்குக் காட்டவில்லை. மிஸ்ஸும் கேட்கவில்லை.

நான் பார்த்துக்கொண்டு இருந்தேன். வீட்டில் சத்தம் கேட்டதில்லை. நான் கிணற்றடிக்கோ சந்தைக்கோ போகும் நேரமாகப் பார்த்து அடி நடந்திருக்கிறது.

“கேக்காதீங்க அக்கா” என்றாள்.

கேட்கவில்லை. அது என் பிழை என்று சிலர் சொல்லலாம். அவள் கேட்காதே என்றாள்.

படத்தை உங்களுக்குப் பாதுகாப்பான இடத்தில் வையுங்கோ, அடுத்த கிழமை அதோடு கதைப்போம் என்று மிஸ் சொன்னார். தங்கச்சி அன்று பின்னேரமே தன்னுடையதை அடுப்பில் போட்டாள். உங்கடதையும் போடுங்க என்றாள். மிஸ் கேட்பாரே என்று நான் போடவில்லை. மடித்து மெத்தைக்குக் கீழே வைத்தேன். பாதுகாப்பான இடம் என்றால் எனக்குத் தெரிந்தது அதுதான்.

அந்த வருடம் வயலுக்கு அறக்கொட்டியான் பூச்சி விழுந்தது. கதிர் வரும் நேரம் பச்சை எல்லாம் எரிந்த மாதிரி ஆனது. பக்கத்து வரம்புக்காரனுக்கு அவ்வளவு சேதம் இல்லை. நாங்கள் படம் கீறிய அதே கிழமை தங்கச்சி புருஷனுக்கு இடது கால் வீங்கியது. ஆஸ்பத்திரியில் குளிசை கொடுத்தார்கள். அது கேட்பதற்குள் அவர் படுவான்கரையில் பேய், செய்வினை பார்க்கும் ஒரு கட்டாடியாரிடம் போய் வெற்றிலையில் மை போட்டுப் பார்த்திருக்கிறார். வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, தலைமாட்டில் தேடு என்று அந்த ஆள் சொல்லியிருக்கிறார்.

தலைமாடு இல்லாத வீடு எது. அவர் நேரே என் அறைக்குத்தான் வந்தார்.

காலை பத்து மணி இருக்கும். நான் முற்றத்தில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டு நின்றேன். அவர் தாளைத் தூக்கிக்கொண்டு வந்து மிளகாய்க்குப் பக்கத்தில் விரித்தார். காற்றுக்குப் பறக்காமல் நாலு மூலையிலும் கல் வைத்தார். அம்மன் மேலே, உருவம் கீழே இருந்தது. புரட்டினார். வேலிக்கு அங்கால் இரண்டு தலை எட்டிப் பார்த்தது. தங்கச்சி குசினி வாசலில் வந்து நின்றாள்.

“மச்சாள், இது ஆர்ர உருவம்?” என்று கேட்டார்.

என்னுடையது என்றேன்.

“உங்களுக்குத் தலமயிர் இல்லையா?”

தாள் போதவில்லை என்றேன். வேலிப்பக்கம் யாரோ சிரித்தார்கள்.

இடது கால் ஏன் சிவப்பு என்றார். என் முழங்கால் நோவு என்றேன். வாய் ஏன் தைத்திருக்கிறது என்றார். நான் கதைப்பது குறைவு என்றேன். அவர் வேலிப்பக்கம் பார்த்து, வாய்க்கட்டு, தான் இந்த வீட்டில் வாய் திறக்கக் கூடாது என்று செய்தது என்றார். போன் வகுப்பைப் பற்றிச் சொன்னேன். லண்டனில் ஒரு மிஸ் சொல்லிக் கீறினது என்றேன். நான் சொல்லும்போதே அது எப்படிக் கேட்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

அவர் முட்டாள் இல்லை. குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தார். தலையில் இருந்து கால்வரை விரலால் தொட்டுக்கொண்டு போனார்.

“படுத்திருக்கிற நீ உன்னச் சுத்தி நீயே எப்பிடிக் கோடு போட்டாய்? ஆர் போட்டது?”

அதுவரை அவர் என்னை நீ என்று சொன்னதில்லை.

நான் தங்கச்சியைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். ஆனாலும் பார்த்தேன். அவள் கையில் அரிக்கன்சட்டி. அரிசி அரித்துக்கொண்டு இருந்த கை, நின்றுவிட்டது. ஒரு வசனம் போதும். நான்தான் போட்டன், அக்காவுக்கு முழங்கால் நோவு, அது ஒரு படிப்பு. தான் கீறியதைச் சொல்லத் தேவையில்லை. நீலத்தைச் சொல்லத் தேவையில்லை. கோடு போட உதவி செய்தேன் என்றால் முடிந்தது.

நான்தான் எல்லாம் என்றேன் அவரிடம். அவர் என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். நீ கண்டாயா என்றார்.

“எனக்கு ஒண்டும் தெரியா” என்றாள். பிறகு, யாரும் கேட்காமலே, “சனிக்கிழமையில அக்கா கதவப் பூட்டிப்போட்டுத்தான் இரிப்பா” என்றாள்.

தெரியாது என்றதோடு நிறுத்தியிருக்கலாம். அதை நான் பயம் என்று எடுத்திருப்பேன். அந்தக் கதவு அவளுக்காகத்தான் பூட்டியது. பூட்டியது அவளுடைய கை.

அன்று பின்னேரம் மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். அவர் கவலைப்பட்டார். தான் இப்படி யோசிக்கவில்லை, அங்கத்தைய வழக்கம் தனக்குத் தெரியவில்லை, மன்னிக்க வேண்டும் என்றார். நல்ல மனுஷி. என் சம்மதத்தோடு தன் குரலில் ஒரு செய்தி அனுப்பினார். இது ஒரு சிகிச்சை முறை, உடம்பின் நோவை வரைவது, யாருக்கும் கேடு இல்லை என்று விளக்கமாகச் சொல்லியிருந்தார். உங்கட தங்கச்சியும் இருந்தா எண்டு நான் சொல்லேலாது, அவ ஓம் எண்டாத்தான் சொல்லலாம் என்று எனக்குத் தனியாகச் சொன்னார். சொல்ல வேண்டாம் என்றுதான் நானும் சொன்னேன். நெஞ்சில் கை வைத்த விதி அது.

தங்கச்சியின் புருஷன் அந்தச் செய்தியை இரண்டு தரம் கேட்டார். காசு கொடுத்தால் இப்படிக் கதைக்க நூறு பேர் இருக்கிறார்கள் என்றார். கட்டாடியாரும் அப்படித்தான் சொன்னாராம்.

பிறகு கோயிலில் சத்தியம் என்று வந்தது. எங்கள் ஊரில் பொலிசுக்குப் போக முதல் அம்மன் கோயிலுக்குத்தான் போவார்கள். கற்பூரம் கொளுத்தி அதைக் கையால் அடித்து அணைத்துச் சொன்னால், அதன் பிறகு ஒருவரும் கேட்கக் கூடாது. பொய் என்றால் அம்மன் பார்த்துக்கொள்வாள். எனக்கு அதில் ஆறுதல் வந்தது. நான் செய்யவில்லை, அடிப்பேன், முடிந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானப் பூசை முடிந்து போனோம். கொஞ்சப் பேர் நின்றார்கள். இது என் உடம்பு, நான் ஒருவருக்கும் கேடு நினைக்கவில்லை என்று சொல்லிக் கற்பூரத்தை அடித்தேன். உள்ளங்கை கொஞ்சம் சுட்டது. பூசாரியார் திருநீறு பூசினார். அத்தோடு திரும்பியிருக்க வேண்டும். தங்கச்சியின் புருஷன், இவளும் அடிக்கட்டும் என்றார். தனக்குத் தெரியாது என்று இவளும் அடிக்கட்டும்.

அது வரும் என்று நான் நினைக்கவில்லை. தங்கச்சியும் நினைக்கவில்லை. முகம் வெளுத்தது. நான் எனக்குள் சொல்லிக்கொண்டேன், இனி அவள் சொல்லுவாள். சின்ன வயதில் கோயில் வாசலில் செருப்போடு மிதித்துவிட்டோம் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதவள் அவள். அம்மன் முன்னால் பொய் சொல்லமாட்டாள். சொல்ல அவளுக்கு வராது.

பூசாரியார் புதுக் கற்பூரம் வைத்தார். அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் போனாள்.

“அக்கா செய்தது எனக்குத் தெரியா. நான் காணல்ல” என்றாள். அடித்தாள். ஒரே அடியில் அணைந்தது.

அந்த இடத்தில் எனக்கு இரண்டு விஷயம் விளங்கியது. ஒன்று, அம்மனை விடப் பெரிய பயம் அவளுக்கு வீட்டில் இருக்கிறது. படிவத்தில் எழுதிய பயம் அவளுடையது. மிட்வைஃப் கொடுத்த தாளும் அவளுக்குத்தான். வகுப்பு, போன், பெயர் எல்லாவற்றுக்கும் அவள் என்னை மறைப்பாக வைத்திருக்கிறாள். இரண்டாவது, அந்தப் பயத்தை நான் விளங்கிக்கொண்டதால் என் நெஞ்சு ஆறவில்லை. விளங்கினால் ஆறும் என்று மிஸ் ஒரு தரம் சொன்னார். எனக்கு ஆறவில்லை.

அவள் சத்தியத்தில் நுணுக்கமும் இருந்தது. ‘அக்கா செய்தது’ என்றாள். செய்தேன் என்று வைத்துக்கொண்டுதான் தெரியாது என்றாள். நின்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். என் சத்தியம் அங்கேயே செத்தது.

அந்தத் தாளைக் கட்டாடியார் வந்து தேசிக்காய் வெட்டி எரித்தார். சாம்பலை வாவியில் போட்டார்கள். குளிசையும் வேலை செய்தது. கால் வற்றியது. நன்றி கட்டாடியாருக்குப் போனது.

வீடு அவளுடையது. அவர் வந்து குடியிருக்கிறவர். என்னைப் போகச் சொல்ல அவருக்கு உரிமை இல்லை, அது அவருக்கும் தெரியும். அவர் சொல்லவில்லை. அவள்தான் சொன்னாள். குசினியில் பானை விளக்கிக்கொண்டு, என் முகம் பார்க்காமல்.

“கொஞ்ச நாளைக்கு எங்கயும் போய் இரிங்க அக்கா. மகள்ர படிப்பு முடியட்டும். மறுகாப் பாப்பம்.”

சரி என்றேன். ஒன்று மட்டும் கேட்டேன். கதவு பூட்டியதை ஏன் சொன்னாய் என்று.

“வாயில வந்திற்று” என்றாள்.

கதிரவெளியில் சின்னம்மாவின் மகள் இருக்கிறாள். கடலை நம்பிய குடும்பம். அங்கே போனேன். கேள்வி கேட்காமல் ஒரு மூலை தந்தாள். மீன் வெட்டிக் காயப் போடுவேன், கருவாட்டைக் கட்டி வாழைச்சேனைச் சந்தைக்குக் கொண்டுபோவேன். குவைத்தில் துடைத்த தரையை விட இது பரவாயில்லை.

இரண்டு சனிக்கிழமை வகுப்புக்குப் போகவில்லை. மூன்றாவது கிழமை, கருவாட்டு வாடியில் வேலை முடிந்து சும்மா இருந்த நேரம், போனை எடுத்துச் சேர்ந்தேன். எல்லோரும் கை காட்டினார்கள். ஒரு பெட்டி மட்டும் கறுப்பு. பெயருக்குப் பதில் ஒரு புள்ளி. புதிதாக ஒருவர், முகம் காட்ட விருப்பம் இல்லை, அப்படியே இருக்கட்டும் என்று மிஸ் சொன்னார். எனக்குத் தெரிந்துவிட்டது. எந்தப் போனில் வந்தாளோ தெரியாது. மகளுடைய பழைய போன் ஒன்று வீட்டில் கிடந்தது.

அன்றைக்குக் குரல். வெளியில் சொல்ல முடியாமல் இருந்த ஒரு வசனத்தை எந்த மாதிரியும் சொல்லலாம், பாட்டாக, முணுமுணுப்பாக, எப்படியும். சென்னைக்காரி குளியலறைக்குள் இருந்து தன் மாமியாரிடம் சொல்ல வேண்டியதைக் குழாயைத் திறந்துவிட்டுச் சொன்னாள். எல்லோருக்கும் சிரிப்பு வந்தது, அவளுக்கும். பிறகு கறுப்புப் பெட்டி கதைத்தது.

“அக்காவச் சுத்திக் கோடு போட்டது நான்தான். கதவப் பூட்டினதும் நான்தான். கற்பூரத்தில பொய் சொன்னன்.”

சென்னைக்காரி கண்ணைத் துடைத்தாள். ஹட்டன்காரி நெஞ்சில் கை வைத்தாள். இதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேணும் என்று மிஸ் சொன்னார். மற்றவர்களும் ஒவ்வொருவராக அதையே சொன்னார்கள்.

எனக்கு அது தைரியமாகப் படவில்லை. சொல்ல வேண்டிய வசனம் அதுதான், ஒரு எழுத்துக் குறையவில்லை. ஆனால் சொன்ன இடத்தில் கேட்டவர்கள் ஒருத்தரும் எங்கள் ஊரில் இல்லை. ஒருத்தரும் வெளியில் சொல்லவும் மாட்டார்கள், சம்மதம் கொடுத்திருக்கிறார்கள். நானும் கொடுத்திருக்கிறேன். அந்த முற்றத்தில் எனக்கு உதவாமல் போனதைக் கொண்டுவந்து, ஒருபோதும் உதவாத இடத்தில் வைத்துவிட்டாள். வைத்ததற்குப் பாராட்டும் வாங்கினாள்.

மிஸ் என்னைக் கேட்டார், ஏதும் சொல்ல விருப்பமா என்று.

“அத வீட்டு முத்தத்தில நிண்டு சொல்லு” என்றேன்.

கறுப்புப் பெட்டி இல்லாமல் போனது. இங்கே ஒருத்தருக்கு ஒருத்தர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லப்படாது என்று மிஸ் மெதுவாகச் சொன்னார். அதுவும் விதிதான். சரி மிஸ் என்றேன்.

அடுத்த நாள் மிஸ்ஸுக்குக் குரல் அனுப்பினேன். நான் இனி வரவில்லை, நான் இருந்தால் அவள் வரமாட்டாள், என் இடத்தில் அவள் இருக்கட்டும் என்று. வேறு வேறு நாளில் வைக்கலாம் என்று மிஸ் சொன்னார். வேண்டாம் என்றேன். எனக்கு மீன் இருக்கிறது, கடல் இருக்கிறது. அவளுக்குக் கதைக்க அந்த ஒரு கறுப்புப் பெட்டிதான் இருக்கிறது. கோபம் வேறு, இது வேறு.

இதை எழுதியதால் நானும் விதியை மீறிவிட்டேன். பெயர் போடவில்லை, ஆனாலும் மீறல்தான். அவள் உடம்பில் எங்கே நீலம் என்று எழுதியிருக்கிறேன். அவள் என்னைக் கேட்கவில்லை, நானும் அவளைக் கேட்கவில்லை.

அவள் மிச்ச வகுப்புகளுக்குப் போனாளா என்று தெரியாது. கேட்டாலும் மிஸ் சொல்லமாட்டார். முற்றத்தில் சொன்னாளா என்பதைக் கேட்கவே தேவையில்லை. சொல்லியிருந்தால் ஊர்க்கதை மாறியிருக்கும்.

போன கிழமை வாழைச்சேனைச் சந்தைக்கு எங்கள் ஊர்ப் பொம்பிளை ஒருத்தி வந்தாள். அன்று வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தவர்களில் ஒருத்தி. நான் கட்டி வைத்திருந்த சாளைக் கருவாட்டைக் கையில் எடுத்துவிட்டாள். பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். கருவாட்டை அப்படியே கீழே வைத்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனாள்.